கட்டு நிறையும் வரை

அத்தியாயம் 9

"பிளக்கைப் பிடுங்கு," என்றாள் அண்ணி.

சின்னவன் கையை நீட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான். நர்ஸ் மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். அதில் செருகியிருந்த ஒயர் மேஜை மேல் இருந்த அழைப்புப் பேனலுக்குப் போனது. கட்டிலில் இருக்கிறவர்கள் பட்டனை அமுக்கினால் இந்தப் பேனலில்தான் பெல் அடிக்கும், கட்டில் எண் ஒளிரும்.

"அண்ணி, ஒருத்தங்க இதைப் பிடுங்கினதா சொல்லித்தான் வேலை போச்சு. இப்ப நானும் பிடுங்கினா என் வேலையும் போகும். உங்ககிட்ட பார்க்கிறதை வேலைன்னு வெச்சுக்கிட்டா."

"பேசாம பிடுங்கு தம்பி."

பிடுங்கினான். பேனல் இருண்டது. மறுபடி செருகச் சொன்னாள். செருகினான். பேனல் மெதுவாக விழித்துக்கொண்டது. அதன் வலது மூலையில் ஒரு சின்னக் கடிகாரம் உண்டு. ஒரு நிமிடத்துக்கு முன்புவரை சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்த அந்தக் கடிகாரம் இப்போது நான்கு பூஜ்யங்களைக் காட்டிக் கண்சிமிட்டியது.

அண்ணி பணியில் இருந்த இளம் நர்ஸைப் பார்த்தாள். "இந்தக் கடிகாரத்தை யாரும்மா சரி பண்ணுவாங்க?"

"எலக்ட்ரீஷியன்தான் மேடம். பாஸ்வேர்டு அவர்கிட்ட மட்டும்தான் இருக்கு. போன வாரமே லீவுல போயிட்டார். ஐயோ, இப்ப இதை யார் சரி பண்றது?"

"மன்னிச்சுக்கம்மா, என் கொழுந்தன் பிடுங்கிட்டான்," என்று அண்ணி கூசாமல் சொன்னாள்.

சின்னவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும் அந்த அடுத்த ஜோக் வரவில்லை. கண்சிமிட்டும் அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

காரணம் இருந்தது. முந்தாநாள் மதியம் இந்த நர்சிங் ஹோமில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற நூலகர் தானாக எழ முயன்று கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். பட்டனை அமுக்கியும் யாரும் வரவில்லை என்றார். பட்டனின் நினைவகத்தில் அவர் அமுக்கிய நேரம் பதிவாகியிருந்தது. பேனலில் பெல் அடித்ததோ அதற்குக் கால் மணி நேரம் கழித்து. இடையில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க நிர்வாகம் அண்ணியின் துப்பறியும் நிறுவனத்தைக் கூப்பிட்டது. நிறுவனம் என்றால் இரண்டே பேர். நேற்று அண்ணி வேறொரு வழக்கு விஷயமாக வெளியூர் போயிருந்ததால் சின்னவன் தனியாக வந்தான். வந்த வேகத்தில் முடித்தும் விட்டான்.

பணியில் இருந்த சிஸ்டர், போனையே தொடவில்லை என்று சொல்லியிருந்தார். அவருடைய போனைச் சின்னவன் வாங்கிப் பார்த்தான். பெல் அடித்த அதே நிமிடத்தில் ஒரு வீடியோ கால் போயிருந்தது. மேஜைக்கு இருப்பதோ ஒரே பிளக் பாயின்ட். போதாதா? பேனலைப் பிடுங்கிவிட்டுப் போனை சார்ஜ் போட்டிருக்கிறார். சார்ஜ் ஏறியதும் பேனலைத் திரும்பச் செருகிவிட்டுப் பேச உட்கார்ந்திருக்கிறார். செருகிய உடனே தேங்கி நின்ற பெல் அடித்திருக்கிறது. மேனேஜர் அறையில் இதை விளக்கிவிட்டு, கடைசியில் சின்னவன் ஒரு வரி சேர்த்தான்: "இவங்க சாதா சிஸ்டர் இல்ல சார், சார்ஜர் சிஸ்டர்!"

மேனேஜர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். சாயங்காலமே சிஸ்டரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இன்று காலை லிஃப்டில் ஏறியபோது இரண்டு பேர் அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது சின்னவனுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

"பேனலை யாரும் பிடுங்கலை," என்றாள் அண்ணி. "பிடுங்கியிருந்தா இன்னிக்குக் காலையில அந்தக் கடிகாரம் சரியா ஓடியிருக்காது."

"நேத்தே நான் பார்த்திருக்கணும்."

"நேத்து ராத்திரி நானும் பார்த்திருக்கணும். உன் ரிப்போர்ட்ல கையெழுத்து என்னுது. பஸ்ல வந்த களைப்புல, கடைசி வரியை மட்டும் படிச்சுட்டுப் போட்டேன்." அண்ணி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அழறதுக்கு அப்புறம் நேரம் ஒதுக்கலாம். பேனல் நல்லாத்தான் இருந்திருக்கு. பட்டனும் வேலை செஞ்சிருக்கு. நடுவுல என்ன இருக்கு?"

"பெட்டி." சின்னவன் கூரையைக் காட்டினான். வார்டின் நடுவில், மேலே, சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைச் சாதனம் பச்சை விளக்கோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "உள்ளே ஒரு பொடிப் பிராசஸர் இருக்கு. பட்டன், வைஃபை, டிவி, எல்லாப் போக்குவரத்தும் அது வழியாத்தான் போகும். ஆனா அதை நேத்தே அளந்துட்டேன் அண்ணி. பெட்டி கம்பெனி இன்ஜினியரும் கூட இருந்தார். இந்தப் பக்கம் ஒரு லேப்டாப், அந்தப் பக்கம் ஒரு லேப்டாப், நடுவுல பெட்டி. இந்தப் பக்கத்திலிருந்து டேட்டாவைக் குழாயத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினோம். நூறுக்குத் தொண்ணூத்து நாலு மெகாபிட் போச்சு. ஒரு டேட்டாப் பொட்டலம்கூட வழியில தொலையலை. போன மாசம் அப்டேட் போட்டதுக்கு முன்னாடி நாற்பதுலயே மூச்சு வாங்குமாம். அவர் முகத்துல மாப்பிள்ளைக் களை!"

அண்ணி பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "போன மாசமா?" என்றாள். பிறகு நூலகரின் கட்டிலைத் தேடி நடந்தாள்.

*

நூலகர் சிறிய உருவம். இடுப்பு அசையாதபடி கட்டுப்போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். குரல் அவ்வளவு மெல்லியது. அண்ணி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு தடவைதாம்மா அமுக்கினேன். பட்டன்ல பச்சை லைட் வந்துச்சு. சரி, அவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு காத்திருந்தேன்."

"மறுபடி அமுக்கலையா ஐயா?"

"எதுக்கு? அப்ப மதிய ஓய்வு நேரம். அந்தப் பொண்ணு ஒருத்தியா எல்லாரையும் பார்த்துக்கிறா. சும்மா சும்மா அமுக்கினா கோவம் வராதா? பாத்ரூம் போகணும், அவ்வளவுதானே, நாமே போயிடலாம்னு காலைக் கீழே வெச்சேன்." அவர் கண்களை மூடிக்கொண்டார். "என்னாலதானேம்மா அந்தப் பொண்ணுக்கு வேலை போச்சு?"

சின்னவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அடுத்த கட்டிலில் இருந்து ஒரு குரல் பாய்ந்து வந்தது. அங்கே முன்னாள் டிரில் மாஸ்டர் ஒருவர், முழங்கால் ஆபரேஷன் முடிந்து, படுத்துக்கொண்டே அணிவகுப்பு நடத்தும் முகத்தோடு இருந்தார். "ஒரு தடவை அமுக்கினா எவன் வருவான்? என்னைப் பாருங்க!" அவர் பட்டனைப் பிடித்துப் படபடவென்று தாளம் போட்டார். வாசல் பக்கம் பெல் அலறியது. இளம் நர்ஸ் ஓடிவந்தாள்.

"என்ன வேணும் சார்?"

"ஒண்ணும் வேணாம். இவங்களுக்குக் காட்டினேன்."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள். அண்ணி அவளை நிறுத்தினாள். "போன மாசத்திலிருந்து பெல் லேட்டா அடிக்குதுன்னு வேற யாராவது சொன்னாங்களாம்மா?"

"சொல்லியிருக்காங்க மேடம். அந்த மூலையில இருந்த டீச்சரம்மா, அப்புறம் வாயே திறக்காத ஒரு தையல்காரர். எல்லாம் இந்த மதிய ஓய்வு நேரத்துலதான். தூக்கக் கலக்கத்துல அமுக்கினதா நினைச்சுக்கிறாங்கன்னு நாங்க பெரிசா எடுத்துக்கலை."

"இந்த மாஸ்டர் சொல்லியிருக்காரா?"

"இவரா? இவர் பெல் மட்டும் ஒரு நாளும் லேட் ஆனதில்லை. லேட் ஆனாத் தேவலைன்னு இருக்கும்."

வராந்தாவுக்கு வந்ததும் சின்னவன் மெதுவாகச் சொன்னான்: "மரியாதைக்காரங்க பெல் மட்டும் லேட்டாகுது. இது என்ன அண்ணி, பெட்டி ஆள் பார்த்து வேலை செய்யுதா?"

அண்ணி சட்டென்று நின்றாள். "இன்னொரு தடவை சொல்லு."

"ஜோக்குக்குத்தான்..."

"ஜோக் இல்லை. நீ நேத்திலிருந்து பேசினதிலேயே உருப்படியான வாக்கியம் இதுதான்." மேற்கொண்டு விளக்காமல் படியிறங்கினாள். "வா. சிஸ்டர் வீட்டுக்குப் போகணும்."

அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகாமல் இருக்க முடியுமானால் சின்னவன் அன்றைக்கு எதையும் கொடுத்திருப்பான்.

*

மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்த சிஸ்டர் அண்ணியைப் பார்த்தார், பிறகு பின்னால் நின்றவனைப் பார்த்தார். கதவைச் சாத்தவில்லை, அகலமாகத் திறக்கவும் இல்லை. நாற்பதை நெருங்கும் வயது. வெள்ளைச் சீருடைகள் இஸ்திரி போட்டு நாற்காலியில் அடுக்கியிருந்தன. யாரும் போடச் சொல்லாத சீருடைகளை எதற்கு இஸ்திரி போட்டார் என்று சின்னவன் நினைத்தான்.

"சிஸ்டர்," என்றான். "நேத்து நான் சொன்னது தப்பு. நீங்க பிளக்கைப் பிடுங்கலை. அது இப்ப நிரூபணம் ஆயிடுச்சு. அந்தப் பேரையும்... அதை வெச்சதும் நான்தான்."

"தெரியும். மேனேஜர் ரூம் கதவு திறந்துதான் இருந்துச்சு. நான் வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்தேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் சின்னவன் சமாளித்திருப்பான். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அண்ணி நேராக விஷயத்துக்கு வந்தாள். "நீங்க போன் பண்ணினது உண்மைதானே?"

சிஸ்டர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். "உண்மைதாங்க. என் பொண்ணு என் நாத்தனார் வீட்டுல இருக்கா, வேற ஊர்ல. ரெண்டு நாளா ஜுரம். மதியம் ஒரு தடவையாவது முகத்தைக் காட்டும்மான்னு கேட்டிருந்தா. டியூட்டியில போன் தொடக்கூடாது. எல்லாரும் தூங்கட்டும்னு தள்ளித் தள்ளிப் போட்டேன். அப்புறம்தான் கூப்பிட்டேன்."

"முதல்ல எது? போனா, பெல்லா?"

"அதுதாங்க எனக்கு உயிரை வாங்குது." அவர் முந்தானையை விரலில் சுற்றினார். "பாப்பா முகம் வந்தது. அம்மான்னு அவ சொல்லி முடிக்கலை, பெல் அடிச்சுடுச்சு. போனை அப்படியே போட்டுட்டு ஓடினேன். அவர் தரையில கிடந்தார். அமுக்கிக் கால் மணி நேரம் ஆச்சுன்னு சொன்னார். ஒருவேளை பெல் முன்னாடியே அடிச்சிருக்குமோ, நான் போன் நினைப்புலேயே இருந்து என் காதுல விழலையோ... அந்தப் பயத்துலதான் போனைத் தொடலைன்னு பொய் சொன்னேன். பொய் சொன்ன வாயால அதுக்கப்புறம் எதைச் சொன்னாலும் யார் நம்புவாங்க?"

"வார்டு வைஃபையிலதானே கூப்பிட்டீங்க?"

"ஆமாங்க."

"ஓய்வு நேரத்துல வார்டு டிவி?"

"எல்லாம் ஆஃப். விசிட்டர் வைஃபையும் நிறுத்திடுவாங்க. அமைதியா இருக்கணும்னு."

அண்ணி எழுந்தாள். அவள் முகத்தில் சின்னவனுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு களை வந்திருந்தது. "சீருடையை மாட்டிக்கிட்டு எங்ககூட வாங்க சிஸ்டர். ஓய்வு நேரம் ஆரம்பிக்கப் போகுது. தம்பி, அந்த இன்ஜினியரைக் கூப்பிடு. தொண்ணூத்து நாலு மெகாபிட் பெட்டியைப் பாராட்டணும்னு சொல்லு, ஓடி வருவார்."

*

ஓடித்தான் வந்தார். மெலிந்த, சின்ன வயசு மனிதர். லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டிருந்தார். மேனேஜர் சிஸ்டரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். அண்ணி கண்டுகொள்ளவில்லை.

வார்டு உறங்கிக்கொண்டிருந்தது. திரைச்சீலைகள் இழுத்திருந்தன. டிரில் மாஸ்டர்கூடக் குறட்டைக்கு மாறியிருந்தார். அண்ணி காலணியைக் கழற்றிவிட்டு நூலகரின் கட்டிலுக்குப் போய், பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. திரும்பி வந்து எல்லோருடனும் நர்ஸ் மேஜை முன்னால் நின்றாள்.

பேனல் சும்மா இருந்தது.

மேனேஜர் பேனலைப் பார்த்தார். இன்ஜினியர் பேனலைப் பார்த்தார். பெல் வரவில்லை.

"பட்டன் ரிப்பேரா இருக்கும்," என்றார் இன்ஜினியர்.

"இருக்கலாம். பொறுங்க."

பொறுத்தார்கள். சும்மா நிற்பது இவ்வளவு பாரமான வேலை என்று சின்னவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தக் கட்டிலில் ஒருவர் இதே பச்சை விளக்கை நம்பி, கால்களை இறுக்கிக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாதென்று படுத்திருந்ததை நினைத்தான். மேனேஜர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். பெல் இன்னும் வரவில்லை.

"சிஸ்டர்," என்றாள் அண்ணி, "உங்க பாப்பாவைக் கூப்பிடுங்க. வீடியோவுல."

சிஸ்டர் மேனேஜரைப் பார்த்துத் தயங்கினார். மேனேஜர் தலையாட்டியதும் போனை எடுத்தார். சுற்றிச் சுற்றி ஒரு வட்டம் ஓடியது. பிறகு ஜுர முகத்தோடு ஒரு சிறுமி திரையில் தோன்றி "அம்..." என்றாள்.

பேனலில் பெல் அடித்தது. ஜன்னலோரக் கட்டிலின் எண் சிவப்பாக ஒளிர்ந்தது.

இளம் நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணி இன்ஜினியரிடம் திரும்பினாள். "போன மாசம் அப்டேட்ல என்ன செஞ்சீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

இன்ஜினியரின் முகம் சுண்டியிருந்தது. "பெட்டிக்குள்ள இருக்கிறது சின்னப் பிராசஸர் மேடம். ஒவ்வொரு பொட்டலம் வந்ததும் அதை எழுப்பினா, எழுந்து எழுந்து படுக்கறதுலேயே அதுக்கு நேரம் போயிடும். அதனாலதான் முன்னாடி நாற்பதைத் தாண்டலை. இப்ப பதினாறு பொட்டலம் ஒரு கட்டா சேர்ந்தப்புறம் ஒரே தடவை எழுப்பறோம். வேகம் ஏறிடுச்சு."

"ஆள் நிறைஞ்சாத்தான் வண்டியை எடுப்பேன்னு நிற்கிற வேன் மாதிரி."

"ஆமா மேடம்."

"கூட்ட நேரத்துல பிரச்சினை இல்லை. வேன் நொடிக்கு நொடி நிறையும். ஊரே தூங்கற நேரத்துல ஒரே ஒரு ஆள் ஏறி உட்கார்ந்தா?" அண்ணி ஜன்னலோரக் கட்டிலைக் காட்டினாள். "ஒரு தடவை அமுக்கிட்டுக் காத்திருந்தவரோட செய்தி வேனுக்குள்ள தனியா உட்கார்ந்திருந்தது. மாஸ்டர் தானே அமுக்கி அமுக்கி வேனை நிரப்பிடுவார். சிஸ்டர் வீடியோ கால் போட்டதும் ஒரு படையே ஏறிச்சு, வேன் கிளம்பிச்சு."

நேற்று சின்னவன் செய்தது என்ன? இரண்டு லேப்டாப்பை வைத்துக் கூட்டத்தைக் கொட்டிக்கொண்டே, கூட்டமில்லாத நேரத்தில் பெட்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதற்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறான். அவன் கொட்டியதுதான் கோளாறை மறைத்தது. அளவு சரி. அளந்த கேள்விதான் தப்பு.

"ஆனா இன்ஜினியர் சார்," என்றான் அவன், "கட்டு நிறையாட்டியும் கொஞ்ச நேரத்துல எழுப்பிவிட ஒரு டைமர் இருக்குமே? எல்லாப் பெட்டியிலும் இருக்குமே?"

"இருக்கும்... போன மாசம் வேகத்தை அளக்கறப்போ எடுத்தேன். திருப்பிப் போட மறந்துட்டேன்."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் செய்தாள். இன்ஜினியர் லேப்டாப்பை மேஜை மேல் வைத்தார்.

"மறக்கலை," என்றார். "டைமர் இருந்தப்போ எண்பத்தொன்பதுதான் வந்துச்சு. எடுத்தா தொண்ணூத்து நாலு. அந்த நம்பரை ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். கை தட்டினாங்க. திருப்பிப் போட்டா இறங்கிடும்... இவ்வளவு வைஃபை ஓடற இடத்துல கட்டு நிறையாம எங்க போகப்போகுதுன்னு நினைச்சேன். அமைதின்னு ஒண்ணு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லை."

மேனேஜர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனார். "நாளையிலிருந்து நீங்க வரலாம். இல்லை, இன்னிக்கே. நான் எல்லாருக்கும் விளக்கிச் சொல்லிடறேன்."

சிஸ்டர் அவர் சொன்னதைக் கேட்டதாகவே தெரியவில்லை. போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அண்ணியிடம் கேட்டார்: "அப்போ நான் போன் பண்ணினதாலதான் பெல் அடிச்சதா?"

"ஆமாம்மா. நீங்க கூப்பிடலைன்னா அவர் இன்னும் எவ்வளவு நேரம் தரையில கிடந்திருப்பாரோ."

சிஸ்டரின் முகம் தெளியும் என்று சின்னவன் காத்திருந்தான். தெளியவில்லை.

"பாப்பா முன்னாடியே மெசேஜ் அனுப்பியிருந்தா," என்றார் சிஸ்டர். "நான்தான் டியூட்டி, டியூட்டின்னு தள்ளிப் போட்டேன். அப்பவே கூப்பிட்டிருந்தா அவர் விழுந்திருக்கவே மாட்டார், இல்லையா?"

அந்த மனசு ஒரு பக்கத்துக் குற்றத்தை இறக்கி வைத்த கையோடு மறுபக்கத்தில் இன்னொன்றைத் தூக்கிக்கொண்டுவிட்டது. சிஸ்டர் அழுத முகத்தைத் துடைத்துக்கொண்டு நூலகரின் கட்டிலை நோக்கி நடந்தார்.

அப்போதுதான் அண்ணி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"இந்த அப்டேட் இங்க மட்டுமா போட்டீங்க?"

இன்ஜினியர் தலையைத் தூக்கினார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லா இடத்துலயும்..."

"ஆஸ்பத்திரிங்களா?"

"ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம்... மதியம்னா எல்லா இடத்துலயும் இப்ப..." அவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியிருக்கவும் இல்லை. எல்லா இடங்களிலும் இப்போது அமைதியாக இருக்கும்.

"டைமரைத் திருப்பிப் போடுங்க!"

"ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்தி எழுப்பணும் மேடம், சாயங்காலம் ஆயிடும்."

"அதுவரைக்கும் வேனை நிரப்புங்க சார்!" என்று சின்னவன் கத்தினான். வார்டு என்பதையே மறந்துவிட்டான். "நேத்து கொட்டினோமே, அந்தக் குப்பை டேட்டாவை இங்கேயிருந்தே எல்லாப் பெட்டிக்கும் கொட்டுங்க! நிறுத்தாம கொட்டுங்க!"

இன்ஜினியர் லேப்டாப் மேல் குனிந்தார். விரல்கள் தடுமாறின, தப்பாக அடித்து அழித்து மறுபடி அடித்தார். திரையின் ஒரு பாதியில் பெட்டிகளின் பெயர்கள் வரிசையாகப் பச்சையாயின. மறுபாதி, எங்கே எந்தப் பெல் அடித்தாலும் காட்டும் பக்கம். அது காலியாக இருந்தது.

பிறகு ஒரு வரி வந்தது. ஏதோ ஒரு முதியோர் இல்லம், ஏதோ ஒரு கட்டில். கீழே இன்னொன்று. இன்னொன்று. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன.

எல்லாம் ஏற்கெனவே அமுக்கப்பட்ட பட்டன்கள். எப்போது அமுக்கியவை என்று திரை சொல்லவில்லை. மேனேஜர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அந்த இடங்களோட போன் நம்பர் இருக்கா?" என்றாள் அண்ணி. "ஆளுக்கு ஒண்ணு எடுங்க. பெல் அடிச்சுட்டு நின்னுடும், யாராவது சும்மா விட்டாலும் விட்டுடுவாங்க. நேரா பேசுங்க."

அண்ணி ஒன்றைக் கூப்பிட்டாள். மேனேஜர் ஒன்றைக் கூப்பிட்டார். சின்னவன் திரையில் முதலில் கண்ணில் பட்ட நம்பரை அடித்தான். மறுமுனையில் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுங்க, எடுங்க, என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டான்.

"ஹலோ?" ஒரு பெண் குரல், தூக்கக் கலக்கத்தோடு.

"மேல் மாடி, பாத்ரூம் பக்கத்துக் கட்டில்மா. இப்ப பெல் அடிச்சிருக்கும். அவங்க அமுக்கி ரொம்ப நேரம் ஆயிருக்கலாம். உடனே போய்ப் பாருங்க."

"யாரு நீங்க? இப்பதானே பெல் அடிச்சுது, போய்க்கிட்டுத்தான்..."

"ஓடுங்கம்மா, ப்ளீஸ்! நான் லைன்லயே இருக்கேன்."

போனை எங்கேயோ வைத்த சத்தம். செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. பிறகு ஒன்றும் இல்லை. சின்னவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். பக்கத்தில் அண்ணி யாரிடமோ, "தண்ணிதான் கேட்டாரா? நல்லது, நல்லது," என்று சொல்வது கேட்டது. மேனேஜர் இன்னும் மணி போவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அந்தப் பெண்ணுக்கு மூச்சு வாங்கியது.

"சார், அந்தம்மா கட்டிலுக்குக் கீழே காலை வெச்சுட்டாங்க. எழுந்திரிக்க இருந்தாங்க. நேத்துதான் ஆபரேஷன் ஆனவங்க. பிடிச்சுப் படுக்க வெச்சுட்டேன். ஒண்ணும் ஆகலை."

சின்னவன் மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டான். கண்கள் எரிந்தன.

"ஆமா, நீங்க யாரு சார்? உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"தப்பா அளந்தவன்மா," என்றான். அந்தப் பெண் ஏதோ கேட்பதற்குள் போனை வைத்துவிட்டு, இன்ஜினியரின் தோளைத் தொட்டான்.

"அடுத்த நம்பரைச் சொல்லுங்க."